குறைந்தபட்சச் சம்பளம் வந்த வழி



கேமரன் மலையில் பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் காலை நேரம் உங்களில் பலருக்குப் பழக்கமானது. மூடுபனி கலைவதற்குள் பெரட்டு முடிந்துவிடும். ஆட்கள் நிரைக்குப் போய்விடுவார்கள். மாலையில் பறித்த கொழுந்து தராசுக்கு வரும். எத்தனை கிலோ என்று புத்தகத்தில் எழுதுவார்கள். செடி நன்றாகத் துளிர்விடும் மாதத்தில் அந்த எண் கூடும். வெயில் காய்ந்தாலோ, மழை விடாமல் பெய்தாலோ அந்த எண் இறங்கிவிடும். ஆனால் கொழுந்து குறைந்த மாதத்தில் அரிசி விலை குறைவதில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் குறைவதில்லை. வரவு ஏறி இறங்கும், செலவு மட்டும் இறங்காது. இந்த இடைவெளியை யார் தாங்குவது? தொழிலாளியின் குடும்பமா, தோட்டத்தின் முதலாளியா, நாடா? குறைந்தபட்சச் சம்பளம் பற்றி நூறு ஆண்டுகளாக நடந்துவரும் வாதம் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

இந்த வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. 1894 ஆம் ஆண்டிலேயே நியூசிலாந்து, கூலித் தகராறுகளை நடுவர் மன்றம் தீர்க்கலாம் என்று சட்டம் செய்தது. 1896இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும், 1909இல் பிரிட்டனும் சில தொழில்களுக்குக் கூலி வாரியங்களை அமைத்தன. 1928இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது பற்றி ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. ஆனால் அந்த ஒப்பந்தம் விவசாயத் தொழிலாளரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கான தனி ஒப்பந்தம் வர 1951 ஆயிற்று. நகரத்துத் தொழிலாளி முன்னே, தோட்டத்துத் தொழிலாளி பின்னே என்னும் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் அது மறுபடியும் வரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டியது கங்காணி முறை. 1922இல் இந்திய அரசாங்கம் குடிபெயர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தன் மக்களின் நிலையைக் கவனிக்க மலாயாவில் ஒரு பிரதிநிதியையும் அமர்த்தியது. அதன் பிறகு, இந்தியத் தொழிலாளிக்கு என்ன கூலி கொடுக்க வேண்டும் என்பதைத் தோட்ட முதலாளிகள் மட்டும் தீர்மானிக்க முடியாமல் போயிற்று. இந்தியக் குடியேற்றக் குழு என்னும் அமைப்பு அரிசி, பருப்பு, துணி என்று ஒரு தொழிலாளியின் மாதச் செலவைக் கணக்கிட்டு, நிர்ணயக் கூலி என்று ஒன்றை வகுத்தது. 1920களின் இறுதியில் அந்தக் கூலி, எளிதில் போய்ச் சேரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போக்குவரத்துக் குறைந்து செலவு கூடிய பகுதிகளில் ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு.

ஒரே நிரையில் நின்று அதே வேலையைச் செய்த பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அன்று அதை ஒரு குறையாகக் கருதியவர்கள் அரிது. இலங்கையிலும் அப்படித்தான். அங்கே 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றே கூலி விதிக்கப்பட்டது.

நிர்ணயக் கூலி என்பது 'இதற்குக் கீழே போகாதே' என்று போட்ட கோடு. ஆனால் நடைமுறையில் என்ன நடந்தது? பெரும்பாலான தோட்டங்கள் அதற்கு மேல் ஒரு காசும் கொடுக்கவில்லை. கீழே போகாதே என்று போட்ட கோடு, மேலே போகாதே என்னும் கோடாக மாறிவிட்டது. நம் வரலாற்றில் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

அந்தக் கோடும் நிலையாக நிற்கவில்லை. 1929இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திச் செடி நட்டவர்களில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பலர். அதே ஆண்டில்தான் உலகப் பொருளாதார மந்தமும் தொடங்கியது. ரப்பர் விலை சரிந்தது. 1930இல் 50 காசுக் கூலி 40 காசாகவும், 40 காசுக் கூலி 32 காசாகவும் குறைக்கப்பட்டன. பிறகு இன்னும் இறங்கின. வேலையில்லாத பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

விலை இறங்கியபோது கூலி உடனே இறங்கியது. விலை ஏறியபோது கூலி உடனே ஏறியதா? இல்லை. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்த்தார். பழைய 50 காசு, 40 காசுக் கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று 1937இல் வெளிவந்த அவர் அறிக்கை சொன்னது. கூலி உயர்ந்தது. ஆனால் 1938 மே மாதத்தில் மறுபடியும் 45 காசு, 36 காசாகக் குறைக்கப்பட்டது. இதன்மேல், 1938 ஜூன் 15 முதல் மலாயாவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. கங்காணி ஆள் திரட்டிய காலம் அத்துடன் முடிந்தது. கூலி பற்றிய ஒரு தகராறே, நம் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்த வழியை அடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதுவரை தொழிலாளிக்காகப் பிறர் பேசினர். 1941இல் தொழிலாளியே பேசினார். கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வேலைநிறுத்தங்களை நடத்தியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். கூலியும் மானமும் அவர்களுக்கு ஒரே விஷயமாகவே தெரிந்தன. நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினர். உயிர்களும் பலியாயின.

போருக்குப் பிறகு, 1947இல், மலாயாவில் கூலி மன்றச் சட்டம் வந்தது. அதன்படி கடை உதவியாளர், சினிமாக் கொட்டகைத் தொழிலாளர், ஹோட்டல் தொழிலாளர் போன்றவர்களுக்குக் கூலி மன்றங்கள் அமைந்தன. தோட்டத் தொழிலாளருக்கு அமையவில்லை. சங்கம் உள்ள தொழிலில் சங்கமும் முதலாளியும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பது கொள்கை. 1954இல் பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டு இருந்தார். முதலாளிகள் சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தங்கள் வந்தன. முன்பு கேட்பாரற்றுக் கிடந்தவர்களுக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ரப்பர் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்னும் நிலையும் நீடித்தது.

இதனால்தான் 'மாதச் சம்பளம்' என்னும் கோரிக்கை தோட்டங்களில் பிறந்தது. அரசாங்க அலுவலகத்தின் கடைநிலை ஊழியருக்கும் மாதம் முடிந்தால் இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித் தந்த தோட்டத் தொழிலாளிக்கு அது இல்லை. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பேச்சும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2003ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் மாதத்துக்கு 350 வெள்ளி என்னும் அளவு வந்தது. 2002இல் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் வகுத்திருந்த வறுமைக்கோடு 529 வெள்ளி. உறுதி செய்யப்பட்ட சம்பளம் வறுமைக்கோட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதைக் கணக்குப் போட்டால் காணலாம்.

இதற்கிடையே மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக 900 வெள்ளியைக் குறைந்தபட்சச் சம்பளமாகச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்டு வந்தது. 2007இல் நாடு முழுவதும் மறியல்கள் நடத்தியது. சம்பளத்தைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்பதே அரசாங்கத்தின் நெடுநாள் பதில். மனிதவள அமைச்சு 2009இல் நடத்திய ஆய்வு ஒன்று அந்தப் பதிலை அசைத்தது. ஆய்வில் அடங்கிய தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாதம் 700 வெள்ளிக்கும் குறைவாகவே வாங்கியதாக அது காட்டியது. 2011இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது. 1947ஆம் ஆண்டின் பழைய கூலி மன்றச் சட்டம் நீக்கப்பட்டது.

அந்த மன்றத்தில் தொழிலாளர், முதலாளிகள், அரசாங்கம் ஆகிய மூன்று தரப்பினரும் இடம் பெறுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது சம்பள அளவை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. 2013 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800 வெள்ளி என்று முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. உள்நாட்டுத் தொழிலாளிக்கும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரே அளவு. நிர்ணயக் கூலிக் காலத்தில் ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40 என்று நின்ற வேற்றுமை சட்டத்தின் முன் இல்லாமல் போயிற்று.

அப்போது எழுந்த வாதங்களையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். முதலாளிகள் சம்மேளனம் என்ன சொன்னது? உற்பத்தி கூடாமல் சம்பளத்தை மட்டும் கூட்டினால் சிறு தொழில்கள் தாங்கா, சில மூடப்படும், பொருள்களின் விலை ஏறும், அயல்நாட்டுத் தொழிலாளர் அனுப்பும் பணம் நாட்டை விட்டுப் போகும் என்றது. இவை வெறும் சாக்குகள் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு மூன்று ஆட்களை வைத்துத் தோட்டம் போடும் காய்கறி விவசாயி பிரிஞ்சாங்கிலும் உண்டு. அதனால்தான் சிறு முதலாளிகளுக்குச் சில முறை தவணை கொடுக்கப்பட்டது.

தொழிற்சங்கங்களின் மறுமொழி இது: சம்பளம் மலிவாக இருக்கும் வரை முதலாளி நல்ல இயந்திரத்தையோ, நல்ல முறையையோ தேடமாட்டார். மலிவான ஆளையே தேடுவார். அயல்நாட்டுத் தொழிலாளிக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்றால், உள்நாட்டுத் தொழிலாளியை யார் வேலைக்கு வைப்பார்கள்? இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் மிகுதியாக வேலை செய்கிறார்கள். நம் பாட்டனார் எப்படிக் கடல் கடந்து வந்தாரோ அப்படியே அவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய சம்பளம் இறங்கினால் நம்முடையதும் இறங்கும்.

இனி அளவு ஏறிய கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2016 ஜூலையில் தீபகற்பத்துக்கு 1,000 வெள்ளி. 2018 தேர்தலில் வென்ற கூட்டணி, தன் ஆட்சிக் காலத்துக்குள் 1,500 வெள்ளி தருவதாக வாக்களித்திருந்தது. ஆட்சிக்கு வந்தபின் அது முதலில் அறிவித்தது 1,050 வெள்ளி. தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வரவுசெலவுத் திட்டத்தில் அது 1,100 ஆயிற்று. 2019 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் அதுவே ஒரே அளவு. ஐம்பது வெள்ளிதான் வித்தியாசம் என்று எண்ண வேண்டாம். கேட்டதனால் கிடைத்த ஐம்பது வெள்ளி அது.

அடுத்த ஆண்டு நடந்தது நம் மலைக்கு நேராகப் பொருந்துவது. 2020 பிப்ரவரி 1 முதல் மாநகராண்மை, நகராண்மைக் கழகங்களின் எல்லைக்குள் 1,200 வெள்ளி என்றும், மற்ற இடங்களில் 1,100 வெள்ளி என்றும் ஆணை வந்தது. கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்ட இடம். ஆகவே பிரிஞ்சாங் தொழிலாளிக்கு 1,100 வெள்ளியே சட்டப்படியான அளவாக நின்றது. நகரத்தில் வாழ்க்கைச் செலவு கூடுதல் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆனால் மலைக்கு ஏறும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் லாரி வாடகை சேர்கிறதே! நிர்ணயக் கூலிக் காலத்தில், போய்ச் சேரக் கடினமான இடங்களுக்கு 58 காசு என்று கூடுதலாக வைத்தார்கள். 2020இல் அந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. 2022 மே மாதம் முதல் 1,500 வெள்ளி என்று வந்தபோதுதான் நகரம், தோட்டம் என்னும் இந்த வேற்றுமை நீங்கியது. 2025 பிப்ரவரி 1 முதல் அளவு 1,700 வெள்ளி ஆனது. ஐந்து பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் வரை தவணை கொடுக்கப்பட்டது.

கிலோ கணக்கில் கூலி வாங்குவோர் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எடைக்குக் கூலி, துண்டு வேலைக்குக் கூலி என்றாலும் மாதச் சம்பளம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பது ஆணையின் விதி. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் வேலைநாள் எல்லாம் ஒழுங்காக வேலைக்குப் போகிறார். கொழுந்து குறைந்த மாதம் என்பதால் கிலோ கணக்குப்படி 1,450 வெள்ளிதான் வருகிறது. அப்படியானால் மீதி 250 வெள்ளியைச் சேர்த்து 1,700 ஆகக் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு என்று கணக்கு வரும். மிகைநேர வேலைக்கான கூலி இதற்கு மேற்பட்டது. அதை உள்ளே சேர்த்து 1,700 ஆக்கிக் காட்டக் கூடாது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குச் சட்டம் தரும் பதில் இதுதான். கொழுந்து குறைந்த மாதத்தின் இடைவெளியைத் தொழிலாளியின் அடுப்பு மட்டும் தாங்க வேண்டியதில்லை.

நம்மைப் போலவே தேயிலையை நம்பி வாழும் இலங்கை மலையகத் தமிழரையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்னும் அவர்களின் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் கூலி வாரியத்தின் மூலம் கிடைத்தது. கூலி உயர்ந்தவுடன் பறிக்க வேண்டிய கிலோ அளவும் உயர்த்தப்பட்டதாகப் பல தோட்டங்களில் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 2024 மே மாதத்தில் 1,700 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் அடிப்படை நாள் கூலி 1,350 ரூபாய் என்று முடிந்தது. வெள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது, கிலோ கணக்கையும் கூடவே பார்க்க வேண்டும் என்பது அவர்களின் அனுபவம் நமக்குத் தரும் எச்சரிக்கை.

இறுதியாக ஒரு கணக்கு. 350 வெள்ளி வறுமைக்கோட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்று பார்த்தோம். 2022இல் நாட்டின் வறுமைக்கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. வறுமைக்கோட்டைக் கணக்கிடும் முறை இடையில் மாற்றப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும் 1,700 வெள்ளி அதில் எவ்வளவு? ஏறத்தாழ அதே மூன்றில் இரண்டு பங்கு. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம் இன்னும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. இருவர் சம்பாதித்தால் மேலே வருகிறது. ஏறியது எண் மட்டுமா, வாழ்வுமா என்று கேட்க இதுவே போதுமான காரணம்.

இங்கேதான் நிர்ணயக் கூலிக் காலத்துப் பாடம் திரும்ப வருகிறது. பதினைந்து, இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளியும், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அதே 1,700 வெள்ளியை வாங்கினால் என்ன பொருள்? கீழே போகாதே என்று போட்ட கோடு மறுபடியும் மேலே போகாதே என்னும் கோடாகிவிட்டது என்பதே பொருள். அந்தக் கோட்டைப் போடும் வேலை சட்டத்தினுடையது. அதற்கு மேலே ஏறும் வேலை சங்கத்தினுடையது, திறமைக்கும் அனுபவத்துக்கும் மதிப்புக் கேட்கும் தொழிலாளியினுடையது.

ஆகவே நேயர்களே, இம்மாதச் சம்பளச் சீட்டை வாங்கியதும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு முறை படித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். வேலை செய்த நாள் எத்தனை, கிலோ எத்தனை, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எதற்கு என்று வரிவரியாகப் பாருங்கள். சீட்டைக் கசக்கி எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். கணக்கில் குறை இருந்தால் முதலில் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் சங்கத்திடமும், தொழிலாளர் இலாகாவிடமும் கேளுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் இந்த விதி உண்டு என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் நம் பெரியோர். ரத்தத்தை வியர்வையாக்கிச் சம்பாதித்ததை அளந்து பார்க்க வேண்டாமா?